கடல் இல்லாத மோகனூரில் கடலுக்கு லீவு விட்டார்கள்

முதலில் வீட்டு விசேஷங்களைச் சொல்லிவிடுகிறேன். எடப்பாடியில் இருக்கும் பெரிய மகளின் பையன் பிரவீன் ஆடிட்டர் பரீட்சையில் தேறிவிட்டான். சின்ன மகளின் பையன் கவின் கையெழுத்துப் போட்டியில் பள்ளிக்கே முதலாக வந்தான். இரண்டாம் வகுப்புதான், எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மகன் வயிற்றுப் பேத்தி நித்யா மீன்வளம் படித்துவிட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் ஆராய்ச்சி வேலை பார்க்கிறாள். தறி ஓட்டிய குடும்பத்தில் மீனைப் படித்தவள் அவள் ஒருத்திதான். அவள் அண்ணன் கார்த்தி ராசிபுரத்தில் எங்கள் பட்டுச் சேலைக் கடையை இரண்டு கடையாக்கிவிட்டான். அதோடு, தூண்டிலில் கடல் மீன் பிடிக்கும் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து கப்பு வாங்கினவன். இந்தப் பக்கத்தின் உச்சியில் இடுப்புயரக் கொடுவா மீனைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறானே, அவன்தான்.

இந்தப் பயணம் போனது அவர்கள் இரண்டு பேருக்காகத்தான். சேலம், நாமக்கல் பக்கத்தில் லாரி, போர் போடும் ரிக் வண்டி, கோழிப்பண்ணை, ஜவுளி என்று தொழில் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு தூண்டில் சங்கம் நடத்துகிறார்கள். லீவு கிடைத்தால் ஐந்தாறு மணி நேரம் காரோட்டிப் போய்க் கடலில் தூண்டில் போடுவார்கள். விற்பதற்கு இல்லை, எல்லாம் ஆசைக்கு. வருடா வருடம் மே மாதம் போட்டி. யார் பிடிக்கிற மீன் பெரிதோ அவருக்குக் கப்பு. தொடர்ந்து மூன்று தடவை ஜெயித்தால் கப்பு வீட்டோடு வந்துவிடும். கார்த்திக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஆனால் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன் பெருகட்டும் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவிடுகிறது. தூண்டில்காரர்களுக்கு அந்தத் தடை கிடையாது. படகு இல்லாத கடல் காலியாக இருக்கும், மீன் நன்றாகக் கடிக்கும் என்றுதான் இவர்கள் போட்டியை அந்த நாளில் வைத்ததே. சங்கமும் அந்த இரண்டு மாதம் தூண்டிலை மூட்டை கட்ட வேண்டும் என்று கேட்கப்போவதாக நித்யா சொன்னாள். என் கப்பைப் பிடுங்கத்தான் படித்தாயா என்றான் கார்த்தி. அதன் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அதனால்தான், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், கார்த்தியின் காரில் இடமிருந்தும் நானும் நித்யாவும் பஸ் ஏறினோம். சங்கக் கூட்டம் மோகனூரில் காவிரிக் கரைக்குப் பக்கத்து மண்டபத்தில்.

ராசிபுரத்திலிருந்து ஏழு மணிக்குத் தனியார் பஸ். நாமக்கல்லுக்கு ஏறக்குறைய இருபத்தேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். நித்யா வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள், பேச்சை ஒத்திகை பார்க்கிறாளாம். நாமக்கல்லில் பழைய பஸ் ஸ்டாண்டா, புதியதா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள், நாங்கள் கேட்காமல் அலைந்தோம். அங்கிருந்து மோகனூர் பதினெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சர்க்கரை ஆலை நெருங்கும்போதே பாகு வாசனை ஜன்னலில் வந்துவிடும். இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் அடிக்கும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய். எங்கே போகிறோம் என்று கேட்டுவிட்டு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "கடலே இல்லாத ஊர்ல கடல் மீன் சங்கமுங்களா? அப்ப எங்க காவேரி மீனு என்னுங்க பாவம் பண்ணுச்சு?" மண்டபம் வரைக்கும் அவரே சிரித்துக்கொண்டு வந்தார்.

மண்டபம் நிறைய ஆம்பிளைகள். பெண்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். கார்த்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. நான் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என் போனைக் கொடுத்து, பேத்தி மேடையேறியதும் நிறையப் படம் எடு கண்ணு என்று சொல்லிவைத்தேன்.

நித்யா நன்றாகத்தான் பேசினாள். முடித்ததும் சங்கத் தலைவர் எழுந்தார், பெரிய கோழிப்பண்ணைக்காரர். "பண்ணையில வயசான கோழியக் கழிச்சுடறோமுங்க அம்மிணி. முட்டை கொறஞ்சு போகும், தீனிதான் தண்டம். அதே மாதிரி நாங்க சின்ன மீனை உட்டுட்டுக் கெழட்டு மீனைத்தான் புடிக்கறோம். இதுல என்னுங்க தப்பு?"

மண்டபமே கை தட்டியது. கார்த்தியும் தட்டினான். நாமக்கல்காரரிடம் முட்டைக் கணக்கில் யார் ஜெயிப்பது? எனக்கே அவர் சொன்னது சரி என்று பட்டது.

நித்யா மைக்கை விடவில்லை. "கோழிக்கு அது சரிங்க, மீனுக்கு நேர்மாறுங்க. மீன் பெருசாகப் பெருசாக முட்டையும் பெருகுமுங்க. அதுலயும் கொடுவா சின்னதுல ஆணுங்க. வளந்த பொறகுதான் பொண்ணா மாறும். நீங்க கப்புக்குத் தூக்கற பெரிய கொடுவா பூரா தாய் மீனுங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏப்பா கார்த்தி, ரெண்டு வருசமா பொம்பளைங்க கூடவா மல்லுக்கட்டுன?" மண்டபம் குலுங்கியது. கார்த்தி முகம் சிவக்க எழுந்தான். எல்லா மீனும் சினையோடவா வருகிறது என்று கேட்டான். "போன வருசம் நான் புடிச்ச மீனுல சினை இருந்துச்சான்னு இவளுக்கு என்னுங்க தெரியும்? அன்னைக்கு இவ ஊட்டுலயே இல்ல."

"நான் இல்ல," என்றாள் நித்யா. "அப்பத்தா இருந்துச்சு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. யாரோ இன்னொரு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். என் பேரன் மீனைப் பற்றி என்னைக் கேட்கிறார்கள், விடுவேனா? எழுந்து நின்றே சொன்னேன். "இருந்துச்சு சாமி. எங்கூட்டுப் பெரிய சட்டியே கொள்ளல. மொளகு போட்டு வறுத்துத் தெருவுக்கே குடுத்தனுங்க."

கார்த்தியைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான், யார் பக்கத்துக்குச் சாட்சி சொன்னேன் என்பது உறைத்தது. மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

தலைவர் தாடையைத் தடவிக்கொண்டார். தெருவுக்கே பங்கு போட்ட சினை கடலில் கிடந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அதை முடிக்காமலே வாக்கெடுப்புக்கு வந்துவிட்டார். விசைப்படகு நிற்கிற நாளெல்லாம் சங்கத்தின் தூண்டிலும் நிற்கும், போட்டி வேறு மாதத்துக்குப் போகும், பெரிய மீனை அளந்து படம் எடுத்துவிட்டுக் கடலிலேயே விட வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. மற்றவர்கள் கார்த்தியைப் பார்த்தார்கள். கப்பு வைத்திருப்பவன் அவன்தானே, அவன் தூக்காவிட்டால் பாதிப் பேர் தூக்க மாட்டார்கள். மேடையில் நித்யா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கார்த்தி கையைத் தூக்கினான். தூக்கியபடியே, "தையில வைங்க, கடலும் அடங்கியிருக்கும்," என்றான். "மூணாவது கப்பும் எனக்குத்தானுங்க. படம் புடிச்சுட்டு மீனைக் கடல்லயே உட்டுட்டு வாரேன்."

அப்புறம் மண்டபம் நிறைய எழுந்த கைகளை நான் எங்கே பார்த்தேன், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டில் முட்டைக் குழம்பு. தலைவர் தானே வந்து நித்யா இலையில் இரண்டு முட்டை வைத்துவிட்டு, இது இளங்கோழி போட்டது, பயப்படாமல் சாப்பிடு என்றார்.

திரும்பும்போது கார்த்தியின் கார்தான், செலவில்லை. மீனைத் தண்ணீரில் வைத்தே அளப்பது எப்படி என்று அண்ணனும் தங்கையும் ராசிபுரம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க எனக்குத் திகட்டவே இல்லை.

மோகனூர் போகிறவர்கள் காலை பத்துக்குள் போய்ச் சேருங்கள், கரையில் காற்று நன்றாக இருக்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கடலுக்குத் தூண்டில் கொண்டு போகிறவர்களாக இருந்தால், படகெல்லாம் கரையில் நிற்கிற மாதத்தில் போகாதீர்கள். பெரிய மீன் மாட்டினால் ஆசை தீரப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். சினை ருசிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

என் மருமகள் சுமதிதான் இந்தப் பக்கத்தை ஏற்றிவிடுகிறாள். சுமதி, மேலே இருக்கிற கொடுவா படத்தை எடுத்துவிடு. அந்தப் பெண் என் போனில் எடுத்தது ஒன்று அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கிறது, நித்யா ஓரத்தில் பாதிதான் தெரிகிறாள். ஆனால் நடுவில் கார்த்தி இருக்கிறான், கையில் மீன் இல்லை, கை மேலே இருக்கிறது. அதைப் போடு.