'நக்கோ' என்றால் நக்கு அல்ல

போன வாரம் திங்கட்கிழமை. காட்பாடியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஆம்பூர் திரும்ப மாலை ஆறாகிவிட்டது. நேராக பிளே ஸ்கூலுக்கு ஓடினேன். என் மகன் இனியன் — இரண்டரை வயது — கையை நீட்டிக் காட்டினான். மணிக்கட்டுக்கு மேலே நான்கு பல் தடம். சிவந்து, வீங்கி...

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பொறுமையின் அளவு தெரியும்.

கடித்தது ஜோயா. இனியன் வயதுதான். சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. வீட்டில் உருது பேசுகிற குழந்தை. கடிப்பது மட்டுமில்லை, பேச்சும் சரியில்லை என்றார் கலா மிஸ். மற்ற பிள்ளைகளைப் பார்த்து 'நக்கு, நக்கு' என்கிறாளாம். கலா மிஸ் கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்ன விதத்தில் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஒண்ணு அவ இருக்கணும், இல்ல என் பையன் இருக்கணும்" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குள் மறுபடி யாரையாவது கடித்தால் அனுப்பிவிடுகிறேன் என்றார் மிஸ். வெற்றியோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை ஸ்கூல் வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். ஷூ கம்பெனி கோட், கழுத்தில் ஐடி கார்டு. ஜோயாவின் அம்மா, பர்ஹானா. அரைமணி பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கும் முன் இனியனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டாள்.

அவள் இரண்டு வருஷம் ஹெல்பராக இருந்தவள். தையல் மெஷினில் உட்கார வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வெளியூர். குழந்தையை விட வேறு இடம் கிடையாது. ஜோயாவை அனுப்பிவிட்டால் மெஷினை விட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

"சனிக்கிழம வரைக்கும்தான்னு சொல்லிட்டாங்கக்கா. ஒரே பேஜாரா கீது."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "கலா மிஸ் கொஞ்சம் கண்டிப்புதான்" என்றேன். பாவம், கலா மிஸ்!

பேச்சை மாற்றுவதற்காக, 'நக்கு' என்று சொல்ல ஜோயா எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டேன். பர்ஹானா விழித்தாள்.

"நக்குன்னு எங்கக்கா சொல்றா? நக்கோன்றா. வேணாம்னு."

நக்கோ! பத்து வருஷமாக ஆம்பூரில் குடியிருக்கிறேன். கடைத்தெருவில் தினம் காதில் விழுகிற சொல். கலா மிஸ் வாயிலிருந்து அது 'நக்கு' என்று வந்ததும் அப்படியே நம்பிவிட்டேன். கோபம் வந்தால் காதும் போய்விடும் போலிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கையில் இருக்கிற பந்தைப் பிடுங்க ஒருவன் வருகிறான். குழந்தை 'வேண்டாம்' என்கிறது. வந்தவன் என் மகன் — சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நாக்கை நீட்டி அவள் கையை நக்கியிருக்கிறான். மிஸ்ஸிடம் கேட்டபோது, ஆமாம், பார்த்தேன் என்றார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் கடித்திருப்பேன்.

ஜோயாவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றார் மிஸ். கொடுக்கலாம்தான். ஆனால், ஒருத்தி ஒரு சொல்லைக் கற்பது போல மற்ற எட்டுப் பேரும் ஒரு சொல்லைக் கற்றால் என்ன? உட்கார வைத்துப் புத்தி சொன்னால் அந்த வயதுக்கு ஏறாது. விளையாடினால் ஏறும். தினமும் ஒரு மணி நேரம் நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடைத்தவள்தானே ஒட்ட வேண்டும்?

ஆட்டம் ரொம்பச் சுலபம். ஒருவர் நடந்து வர வேண்டும். எதிரில் இருப்பவர் உள்ளங்கையைக் காட்டி 'வேண்டாம்' என்றோ 'நக்கோ' என்றோ சொன்னால், வருகிறவர் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒருவரும் உட்காரவில்லை. எட்டுப் பேரும் ஜோயா மேல் போய் விழுந்தார்கள். விலக்கப் போன என் முழங்கையில் கடி! மிஸ் காலண்டரைப் பார்த்தார். என்னைக் கடித்தது கணக்கில் வராது என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை நானும் ஜோயாவும் மட்டும். நான் நடந்தேன். மூலையிலிருந்து முணுமுணுப்பாக, "நக்கோ." தொப்பென்று உட்கார்ந்தேன். என்னையே பார்த்தாள். எழுந்து நடந்தேன். "நக்கோ." மறுபடி தொப். மூன்றாவது முறை சத்தமாகச் சொன்னாள். நான்காவது முறை சிரித்துக்கொண்டே. அப்புறம் எத்தனை முறை என்று என் முட்டியைத்தான் கேட்க வேண்டும். தான் சொன்னால் ஒரு ஆள் நிற்கும் என்பதை அந்த அறையில் அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். சொல் வேலை செய்யாத இடத்தில்தானே குழந்தைகளுக்குப் பல் வேலை செய்கிறது? இது புரிய எனக்கு ஒரு கடி தேவைப்பட்டிருக்கிறது.

வியாழக்கிழமை எல்லாருக்கும் என்னை உட்கார வைக்க ஆசை வந்துவிட்டது. பிறகு ஒருவரை ஒருவர் உட்கார வைத்தார்கள். கலா மிஸ்ஸும் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார்.

வெள்ளிக்கிழமை, ஜோயாவின் கையில் சிவப்புப் பந்து. இனியன் நேராக அவளிடம் போனான். நானும் மிஸ்ஸும் பாதி எழுந்துவிட்டோம். ஜோயா கையைக் காட்டினாள். "நக்கோ." என் மகன் சட்டென்று உட்கார்ந்தான். அவள் பந்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்... பிறகு அவளாகவே அவனிடம் உருட்டிவிட்டாள். யாரும் 'ஷேர் பண்ணு' என்று சொல்லவில்லை. பிடுங்க மாட்டார்கள் என்று தெரிந்தால் கொடுக்க மனசு வருகிறது. நமக்கும் அப்படித்தானே?

சனிக்கிழமை மாலை, திங்கட்கிழமையும் கூட்டி வாருங்கள் என்று பர்ஹானாவிடம் சொன்னார் மிஸ். வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் சொன்ன ஒவ்வொரு நன்றியும் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. இனி தாங்காது.

"பர்ஹானா... மிஸ் மேல தப்பு இல்ல. ஜோயாவ அனுப்பச் சொன்னது நான்தான்."

அவள் குனிந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்க்கா. அன்னிக்கு நீங்க சொல்றப்போ நான் கேட் ஆண்டதான் நின்னுட்டிருந்தேன்."

பின் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

"கேக்கலாம்னுதான் மறுநாள் பர்மிஷன் போட்டு வந்தேன். பையன் கையப் பாத்தேன். எம்பொண்ண யாராவது கடிச்சிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

ஜோயாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை வாரம் முழுக்க வாய்க்குள் வைத்திருந்த நான்... குழந்தைகளுக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுக்கப் போனேனாம்!