டிவிக்குப் போன மைல்கள்

வங்கி அனுப்பிய வசூல்காரரின் முன்பற்கள் இரண்டைப் பெயர்த்த நாளிலிருந்து எந்த வங்கியும் மைலுக்கு கிரெடிட் கார்டு கொடுக்கவில்லை. அப்போது அவருக்கு ‘மைல்’ என்ற பெயர் வந்திருக்கவில்லை. ‘சுத்தி’ என்றுதான் கூப்பிட்டார்கள். மோதி நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை. கதவை நிமிர்த்துகிற கை ஆளைக் கோணலாக்கிவிடும் என்று பட்டறைத் தெருவில் பேச்சு. அதில் பொய் இல்லை. பெயிண்ட் கடைக்காரருக்கு விலா எலும்பு, மைத்துனருக்கு மூக்கு. மனைவி மேல் மட்டும் கை வைத்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். அவள் தலைக்கு மேலே சுவரில் மோதி உடைந்த தட்டுகளை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மகள் கல்யாணமாகி விமானம் ஏறிப் போன பிறகுதான் மைல் பைத்தியம் பிடித்தது. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் அண்ணன், தன் பயணக் கார்டோடு சேர்த்துத் தம்பி பெயருக்கு ஒரு துணைக் கார்டு வாங்கிக் கொடுத்தார். தேய்க்கத் தேய்க்கப் புள்ளி ஏறும். புள்ளியை விமானக் கம்பெனியின் மைலாக மாற்றினால் டிக்கெட். கடைசி நேரத்தில் டிக்கெட் விலை எகிறினாலும் அந்தக் கம்பெனியில் மைல் சீட்டுக்கு அதே மைல்தான்.

அதன்பிறகு பட்டறைக்கு வேண்டிய தகடும் பட்டியும் பெயிண்டும் கார்டில்தான் வந்தன. சொந்தக்காரர் யார் நகை எடுத்தாலும், ஓட்டலில் சாப்பிட்டாலும், மைல் பில்லை முந்திப் பிடுங்குவார்.

“காசை என் கையில குடுங்க, நான் தேய்க்கிறேன்.”

மைத்துனரின் மாமனார் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, பில் கவுண்டரில் மைல் கார்டோடு நின்றதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

“மாமா, கிழவர் போற இடத்துக்கு ஃப்ளைட் இருக்கா?” என்று மூக்குடைந்த மைத்துனர் கேட்டார். மைல் அவரை மறுபடியும் அடித்திருப்பார். கையில் கார்டு இருந்ததால் அடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவர் சரியாக யோசிக்கவில்லை. துணைக் கார்டில் தேய்ப்பதெல்லாம் முதல் கார்டுக்காரர் கணக்கில்தான் விழும். புள்ளி அண்ணனுடையது, மைலாக மாற்ற வேண்டுமானாலும் ஓடிபி அண்ணன் போனுக்குத்தான் வரும். சேர்ந்தபின் கேட்டால் போகிறது என்று விட்டுவிட்டார்.

முதலில் மனைவியோடு போய் மகளைப் பார்த்து வரத்தான் சேர்த்தார். பிறகு ஒருநாள் மகள் குளியலறைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள். மாப்பிள்ளை குக்கர் மூடியால் அடித்ததில் இடது காது கேட்கவில்லையாம். வெளியே அவன் கதவை உதைப்பது போனில் கேட்டது. அன்று மைல் ஒரு காரின் பானெட்டை நிமிர்த்தப் போய் ஓட்டை விழுமளவு அடித்தார். வெட்கத்தில் அண்ணனிடம்கூட வாய் திறக்கவில்லை. விசா எடுத்து வைத்தார். தான் போக ஒன்று, மகளோடு திரும்ப இரண்டு, ஆக மூன்று சீட்டு. இடையில் மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் ஒடிப்பதாகத் திட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் மறுபடி அழைத்தாள்.

“அப்பா, அவரு வெளியூர் போயிருக்காரு. புதன்கிழமை வந்துருவாரு. பாஸ்போர்ட் பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு. அதுக்குள்ள போகலைன்னா இனிமே முடியாதுப்பா.”

மனைவியைக் கம்ப்யூட்டரில் சீட்டுப் பார்க்க உட்காரவைத்துவிட்டு, பட்டறைச் சட்டையோடு, இடுப்பில் சுத்தியலோடு மைல் அண்ணன் வீட்டுக்கு ஓடினார்.

அண்ணன் கூடத்தில் கால் நீட்டிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு புது டிவி.

“அண்ணே, போனைத் திற. புள்ளியைக் காட்டு.”

அண்ணன் திறந்து காட்டினார். மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.

“மீதி எங்க?”

“மாசக் கடைசில காலாவதி ஆயிடும்னு மெசேஜ் வந்துச்சுடா. வீணாப் போகுதேன்னு...” அண்ணனின் பார்வை டிவி பக்கம் போய்த் திரும்பியது. “நீயும் வந்து பாரேன். உன் புள்ளிதானே.”

மைல் சுத்தியலை உருவினார். முதல் அடியில் திரையில் நடித்துக்கொண்டிருந்தவர் முகம் சிலந்திவலையானது. அடுத்ததில் டிவி ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. தடுக்க வந்த அண்ணனின் வாயில் இடதுகை முஷ்டி இறங்கியது. அண்ணன் மேஜையில் மோதி விழுந்தார். உதடு இரண்டாகப் பிளந்து ரத்தம் பனியனில் வழிந்தது. கையிலிருந்து போன் நழுவியது.

“ரெண்டு டிக்கெட்டுடா அது! ஒரு டிவிக்கு ரெண்டு டிக்கெட்!” அண்ணனை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. சுத்தியல் போன் மேல் விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

அடுப்படியிலிருந்து வந்த அண்ணி இரும்புக் கரண்டியால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். “வீட்டுக்குள்ள வந்தா கொலை பண்றே? டிவி வேணும்னா தூக்கிட்டுப் போயேன்!”

“என் பொண்ணு செத்துருவா அண்ணி.” மைல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு எல்லாம் வெளியே வந்தது: குளியலறை, குக்கர் மூடி, காது, புதன்கிழமை.

அண்ணன் ரத்தத்தைத் துப்பினார். “சொல்லியிருந்தா தொட்டிருப்பேனாடா, மடையா?”

மைலின் போன் அடித்தது. மனைவி.

“ஒரு சீட்டு இருக்குங்க, நாளைக்கு. கணக்குல மீதி காட்டறது அவ ஒருத்தி வரப் போதும். ஓடிபி அண்ணன் நம்பருக்குப் போயிருக்கு. சீக்கிரம் சொல்லுங்க.”

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். போன் அப்பளமாகக் கிடந்தது.

“சிம்மு,” என்றார் அண்ணன், வீங்கிய வாயால். “சிம்மை எடு.”

சிம் செருகும் தட்டு நெளிந்து உள்ளேயே மாட்டியிருந்தது. மைல் அண்ணியின் தோட்டை வாங்கி, அதன் கம்பியை விட்டு நெம்பினார். எத்தனையோ கதவுகளை நிமிர்த்திய கைக்கு அந்த நகத்தளவு தகடு அடங்கவில்லை. அண்ணன் ஊர்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் ரத்தம் தம்பியின் கையில் சொட்டியது. சிம் கீறலோடு வெளியே வந்தது. மைலின் போனில் அதைப் போட்டார்கள்.

சிக்னல் இல்லை. சிக்னல் இல்லை. பிறகு ஒரு கோடு வந்தது.

அண்ணி தன் போனில் மைலின் மனைவியை அழைத்து, “ஓடிபியைத் திரும்ப அனுப்பச் சொல்லு,” என்று கத்தினாள். செய்தி வந்தது. மூக்குக் கண்ணாடி எங்கோ உடைந்து கிடந்ததால் அண்ணனால் படிக்க முடியவில்லை. மைலுக்குக் கண்ணீர் மறைத்தது. அண்ணிதான் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

டிக்கெட் விழுந்துவிட்டது என்றாள் மனைவி. “நீங்க போக முடியாமப் போனதும் நல்லதுக்குத்தான். போயிருந்தா அவ அங்க ஜெயில் வாசல்ல நின்னிருப்பா,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் நால்வரும் நின்றார்கள். அண்ணனின் உதட்டில் தையல். மைலின் இடதுகையில் கட்டு. அண்ணனின் பல் கிழித்தது. மகள் ஒரே ஒரு பையோடு வந்தாள். அம்மா கூப்பிட்டதும் வலது காதைத் திருப்பிக் கேட்டாள். மைல் பையை வாங்கிக்கொண்டார்.

பெரியப்பாவின் வாயை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “யாரு அடிச்சது பெரியப்பா?”

“டிவி மேல விழுந்துடுச்சும்மா.”

“நானும் இப்படித்தான் சொல்வேன். ஷெல்ப் விழுந்துடுச்சு, கதவு பட்டுடுச்சுன்னு.” அவள் அப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அவர் அதைப் பைக்குப் பின்னால் மறைத்தார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். மைல் தன் வண்டியின் கதவைத் திறந்தார். மகள் ஏறாமல் பெரியப்பாவின் வண்டியருகே போய் நின்றாள்.

“நான் பெரியப்பா வீட்டுல இருந்துக்கறேன்பா.”

“அங்க டிவிகூட இல்லம்மா,” என்றார் மைல்.

“தெரியும்பா. அம்மா சொன்னாங்க.”

மைல் பையைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணனின் வண்டியில் வைத்துவிட்டு வந்தார்.