ஐந்து ஓட்டைக்கு எதிர் ஓட்டை கிடையாது

ரிம் கடை கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு, கண்ணால் பார்க்காத சக்கரத்துக்கும் ஃபோனிலேயே பதில் சொல்ல வேண்டிய தலையெழுத்து. எந்தக் கடையிலாவது ஃபோனை எடுத்து, "ஆமா, சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பிறகு தூக்கம் வராமல் புரண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் படித்தது மூன்றாம் பாரம் வரைதான். பிள்ளைகள் மூவரும் வேலைக்குப் போன பிறகு, தீவுப் பக்கத்துக் கெலுகோரில் இந்தக் கடையில் சேர்ந்தேன்.

ஜோடி இல்லாத ஓட்டை

சேர்ந்த புதிதில் என்னை ஆச்சரியப்படுத்தியது போல்ட்டு ஓட்டைகள்தான். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒரு வண்டியின் சக்கரம் இன்னொன்றில் ஏறாது. ஏன் என்று மெக்கானிக் ரவியிடம் கேட்டேன். ஓட்டைகளின் நடுவைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால், அதன் குறுக்களவுதான் பிசிடி, அது ஒத்துப்போக வேண்டும் என்றான்.

நான்கு ஓட்டை என்றால் சுலபம். எதிரெதிர் ஓட்டைகளை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஐந்து ஓட்டை ரிம்மில் எதிர் ஓட்டையைத் தேடினேன், தேடினேன், இல்லவே இல்லை. பக்கத்து ஓட்டையை விட்டு அதற்கு அடுத்ததை அளக்கச் சொன்னான் ரவி. எங்கிருந்து எங்கே என்று நான் கேட்கவில்லை. இதற்கும் நடுவிலிருந்து நடுவுக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் முழியைப் பார்த்து ரவிக்குச் சிரிப்பு.

"அஞ்சுல ஜோடி தேடாதீங்க அக்கா, கல்யாணம் ஆகாத மாமா மாதிரி ஒண்ணு தனியாத்தான் நிக்கும்லா!"

ஃபோனில் வந்த அளவு

கடல் பாலத்துக்கு அக்கரையில் உள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து தங்கராஜு அண்ணன் தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்தார். முப்பது வருஷமாக வைத்திருக்கும் வண்டி. புதுப் பெயிண்ட், புது சீட்டு, எல்லாம் ஜோர். ரிம்கள் மட்டும் துருப்பிடித்து அரித்துப்போயிருந்தன. இதோடு பாலம் தாண்டக்கூடாது என்று ரவி வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுன் கோயிலில் அவர் மகளுக்குக் கல்யாணம். அப்பாவின் பிக்கப்பில்தான் வருவேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டதாம்.

வண்டிக்கு ஐந்து ஓட்டை, பிசிடி நூற்றுப் பதினான்கு புள்ளி மூன்று மில்லிமீட்டர். புதன்கிழமை அக்கரையில் தாசேக் கெலுகோர் என்ற வேறொரு ஊரில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து அண்ணன் ஃபோன் செய்தார். அழகான ரிம் செட் கிடைத்திருக்கிறது, எப்படி அளப்பது என்று கேட்டார். ரவி வெளியே போயிருந்தான். ஒன்றை விட்டு அடுத்தது, நடுவிலிருந்து நடுவுக்கு என்று நானே சொல்லிக்கொடுத்தேன். நூற்றுப் பதினான்கு வருகிறது என்றார். அதேதான் அண்ணே, எடுத்துக்குங்க என்றேன்.

"உன் வாய்க்குச் சக்கரை போடணும் தங்கச்சி, ஞாயித்துக்கிழமை என் மக ராணி மாதிரி வருவா பாரு!"

மூன்றாவது நட்டு

வியாழக்கிழமை ரவி ரிம்மை மாட்டினான். இரண்டு போல்ட்டு நுழைந்தது, மூன்றாவது ஒத்து வரவில்லை. முறுக்கி இறுக்கினால் ஓட ஓடத் தானாக உட்கார்ந்துகொள்ளும் என்றார் அண்ணன். பாலத்து நடுவில் போல்ட்டு உடைந்தால் யார் உட்காருவது என்று ரவி பிசிடி பார்க்கும் அளவுத் தகட்டை வைத்தான். நூற்றிருபது. கல்யாண அவசரத்தில் தான்தான் தப்பாக அளந்துவிட்டதாகச் சொல்லி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. டேப்பில் நூற்றுப் பதினான்கு என்று தெளிவாகப் பார்த்திருக்கிறாரே, அது எங்கிருந்து வந்தது? அந்த ரிம்மின் மேல் ஒரு காகிதத்தை விரித்து ஐந்து ஓட்டைக்கும் அடையாளம் போட்டேன். நடுவிலிருந்து நடுவுக்கு நூற்றுப் பதினான்கு. தகடு காட்டிய அளவு எங்கே வரும் என்று தேடி, ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்தால் நூற்றிருபதும் கொஞ்சமும். முருகா! அவர் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறார். சொல்லிக்கொடுத்தவள்தான் தப்பு. காகிதத்தை ரவியிடம் காட்டினேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"விளிம்புலேர்ந்துன்னு நான் சொல்லாம விட்டுட்டேன்... அக்கா, அவரே தன் மேல போட்டுக்கிட்டாரு, பேசாம இருந்துடுங்களேன்."

முதல் சவாரி

கடைச் சுவாமி படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். அங்கே நின்றுகொண்டு பேசாமல் இருப்பது எப்படி? அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வண்டியைச் சுற்றி வந்து புதுப் பெயிண்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு அவருடன் இரவல் வண்டியில் தாசேக் கெலுகோருக்குப் போனேன். பிக்கப்பின் போல்ட்டுகளைக் காகிதத்தில் பதித்துக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்தக் கடையில் கிடந்த ஐந்து ஓட்டை ரிம் ஒவ்வொன்றின் மேலும் வைத்து வைத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு செட் ஒத்துப்போனது. கடைக்காரரும் மாற்றிக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் ரவி தகட்டை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டினான். ஐந்து நட்டும் விரலாலேயே ஏறின. அப்பாடா என்று நான் கவுண்டருக்குத் திரும்பப் போனேன். அண்ணன் பிக்கப்பின் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போற தங்கச்சி? நீ அளந்த சக்கரம், முதல்ல நீ ஏறு, பாலம் போய்த் திரும்பி வருவோம், அப்புறம்தான் என் மக."

என் மூன்று பிள்ளைகளுக்குக்கூட மொத்தமாகத்தான் வேண்டிக்கொள்வேன், ஆனால் அன்று பாலத்தில் நான்கு சக்கரத்து இருபது நட்டுக்கும் முருகனிடம் ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டு போனேன்.