தன் விடைத்தாளைத் தானே திருத்தியவர்

செய்தி பஸ்ஸில் வந்தது. மீமிசலில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலில் காலை வண்டியின் கண்டக்டர் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் செருப்பைக் கழற்றியதுமே எனக்குத் திக்கென்றது. "டீச்சர், ஆவூர்ப் பக்கத்து டீச்சரம்மா நேத்துச் சாயங்காலம் தவறிட்டாகளாம். புதுக்கோட்டை ஸ்டாண்டுல ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாக" என்றார். எந்த டீச்சரம்மா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய சாவு ஒன்றுதான். வீட்டுக்கு ஓடினேன். அலமாரியில் ஒரு பழுப்பு உறைக்குள், ஞானப்பூ டீச்சர் தன் கையால் எழுதி எனக்கு அனுப்பியிருந்த கணக்கு விடைத்தாள் இருபது நாளாகத் திருத்தப்படாமல் கிடந்தது. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அரை மார்க்குக்காகப் பிள்ளைகளை அழ வைத்தவர், ஆனால் ஒரு பிள்ளையைக்கூட அடிக்காதவர் என்று நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்டவர் நாற்பத்தாறு வயதில் எதற்காகக் கணக்குப் பரீட்சை எழுதினார், அதை எதற்காக என்னிடம் அனுப்பினார் என்பது உங்களுக்குத் தெரியாது. "நான் இருக்கறவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத மீனாட்சி" என்று சொல்லியிருந்தார். அந்தத் தவணை முடிந்துவிட்டது.

அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம் போய் மெட்ராஸ் சர்க்கார் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆவூர் வட்டாரத்தில் ஒரு சின்ன மிஷன் பள்ளியில் நானும் ஞானப்பூ டீச்சரும் வேலை பார்த்தோம். என்னைவிட அவருக்கு ஆறு வயது கூட. நான் அக்கா என்பேன். என்னிடம் எஸ்.எஸ்.எல்.சி. இருந்தது. அவரிடம் இல்லை. பதினேழு வயதில் எழுதி, கணக்கில் இருபத்தெட்டு வாங்கி, பெயில் ஆன கையோடு கல்யாணம் ஆனவர். வீட்டுக்காரர் சிலோனுக்குப் போனார். மூன்றாம் வருஷத்திலிருந்து கடிதமும் இல்லை. ஒரு பெண் குழந்தையையும் மாமியாரையும் அந்த வேலைதான் காப்பாற்றியது. ஒருநாள் பள்ளி மேனேஜரான பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டார். "இன்ஸ்பெக்டர் எழுதிட்டாரும்மா. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப ஒங்க கையில எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம் இருக்கணும். இல்லாட்டி என்னால வச்சுக்க முடியாது" என்றார். அக்கா "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு வந்து, எழுதியிருந்த கரும்பலகையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து மார்ச் வரை, பிள்ளைகள் போன பிறகு அதே வகுப்பில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. அவருக்கோ பயம். பதினெட்டு வருஷம் முன்னால் எங்கே நின்றாரோ அங்கேயே வந்து நின்றுவிடுவார். அல்ஜிப்ராவில் ஒரு அடைப்புக்குறியைக் கண்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். "அக்கா, நீங்க அஞ்சாப்புப் புள்ளைங்களுக்குச் சொல்றதை ஒங்களுக்கே சொல்லிக்கங்க" என்று கத்துவேன். "அதுகளுக்கு நான் இருக்கேன். எனக்கு யாரு இருக்கா?" என்பார். "நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கேன்ல!" என்றால்தான் சிரிப்பார்.

முதல் நாளும் கணக்கு நாளும் நான் லீவு போட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்கு அவரோடு போனேன். முதல் நாள் அவர் பரீட்சை அறைக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று "வணக்கம் டீச்சர்" என்றார்கள். சேலையையும் கொண்டையையும் பார்த்து, மேற்பார்வைக்கு வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். அக்காவும் பழக்க தோஷத்தில் "உக்காருங்க" என்று கை காட்டினார். அதற்குப் பிறகுதான் தன் நம்பர் ஒட்டிய பெஞ்சைத் தேடிப் போய், இரட்டைச் சடைக்காரி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காது மடல் சிவந்திருந்தது.

கணக்கு நாளன்று வாசலில் வைத்து நான் ஒரு புத்தி சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "கடைசிப் பதினைஞ்சு நிமிஷம் எழுதாதீங்கக்கா. நம்ம புள்ளைங்க நோட்டைத் திருத்துற மாதிரி ஒங்க பேப்பரைத் திருத்துங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். முகம் தெளிந்து வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு காபி குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டு, "தேறிடும்னுதான் தோணுது மீனாட்சி. நாப்பத்தொண்ணு வருது" என்றார். அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கூட்டிப் பார்த்தேனே. முதல் பக்கத்துலதான் போட்டு..." என்றவர், அப்படியே நின்றுவிட்டார்.

நான் சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார். ஒவ்வொரு கணக்குக்கும் டிக் அடித்திருந்தார். ஓரத்தில் மார்க் போட்டிருந்தார். இரண்டு கணக்கில் வழி எழுதாமல் தாவியதற்காக அரையரை மார்க் குறைத்திருந்தார். முதல் பக்கத்தில் மொத்தம் போட்டு, வட்டமிட்டு, கீழே பதினான்கு வருஷமாக எல்லா நோட்டிலும் போடுகிற 'ஞா' என்ற சுருக்கக் கையெழுத்தையும் போட்டிருந்தார். நம்பரைத் தவிர வேறு அடையாளம் எதுவும் விடைத்தாளில் இருக்கக் கூடாது. இருந்தால் தாள் செல்லாது. அதைப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொன்னவர் அவர்.

"நான் திரும்பிப் போறேன். பெரிய சூப்பரிண்டுகிட்டச் சொல்லிடுறேன். தெரியாமச் செஞ்சதுன்னு சொல்றேன்" என்று பள்ளிக்கூடத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். சொன்னால் அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் யாராவது கவனிக்காமல் விட்டாலும் விடுவார்கள் என்றேன். "ஒங்க மகளை நெனச்சுப் பாருங்கக்கா" என்றேன். அதைச் சொன்னதும் அவர் கை தளர்ந்தது. இழுத்து வந்து பஸ்ஸில் ஏற்றினேன். அன்று அவருடைய நேர்மைக்கும் அவருடைய வேலைக்கும் நடுவில் நான் புகுந்தேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரிசல்ட் வரும்வரை இருந்த நாட்களை நான் வாழ்ந்ததாகவே கணக்கில் சேர்க்க மாட்டேன். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் அக்கா சாக்பீஸைக் கீழே போடுவார். தூக்கத்தில்கூட ஒரு சிவப்பு மசிப் பேனா தன் கையெழுத்தை அடிப்பதாகக் கனவு வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில், பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாதென்று அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அழுகை வந்தது. என்னால்தானே?

ரிசல்ட் போட்ட செய்தித்தாளில் அவர் நம்பர் வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அவர் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. சாமியார் வேலையை உறுதி செய்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு மார்க் பதிந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கைக்கு வந்தது. கணக்கு: நாற்பத்தொன்று.

"பாத்தியா? அதே நாப்பத்தொண்ணு" என்றார் அக்கா. முகம் வெளுத்திருந்தது. "திருத்துனவரு இது யாரோ ஏற்கெனவே திருத்துன பேப்பருன்னு நெனச்சு, நான் போட்ட மார்க்கையே எடுத்து எழுதிட்டாரு."

"அவர் செவப்பு மசி, நீங்க நீல மசி. எப்படிக்கா ஏமாறுவாரு?"

"கட்டுக் கட்டாத் திருத்துறப்ப நாம எப்படித் திருத்துறோம்னு நமக்குத் தெரியாதா மீனாட்சி?"

நீங்கள் சரியாகத் திருத்தியிருந்தால் அவரும் அதே மார்க்தானே போட்டிருப்பார் என்று எத்தனையோ முறை சொன்னேன். காதில் ஏறவில்லை. "நமக்கு நாமே மார்க் போட்டுக்கறப்ப கை நடுங்கணும். எனக்கு அன்னைக்கு நடுங்கலையே" என்பார். தன்னைத் தானே பாஸ் செய்துகொண்டு ஒரு வேலையில் உட்கார்ந்திருக்கிறோமோ என்ற பயம் அவரை விடவில்லை.

அதனால் அடுத்த வருஷம் ஒரு காரியம் செய்தார். அந்த வருஷம் பரீட்சை எழுதிய ஒரு பெண்ணிடம் கணக்குக் கேள்வித்தாளை வாங்கினார். காலி வகுப்பில் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, மணி அடித்தாற்போல் ஆரம்பித்து, மணி அடித்தாற்போல் முடித்தார். தாளை என்னிடம் நீட்டி, "திருத்து" என்றார். நாற்பத்தேழு. பெருமூச்சு விட்டார். இனிமேலாவது நிம்மதியாக இருங்கள் என்றேன். மறு வருஷம் மறுபடி எழுதினார். "அது போன வருசம்" என்றார். எனக்கு மீமிசலுக்கு மாற்றலான பிறகும் விடவில்லை; தபாலில் வரும். ஒரு வருஷம் அறுபதுகூட வாங்கினார். இன்னொரு வருஷம் பாவம் என்று அரை மார்க்கைத் தாராளமாகப் போட்டுவிட்டேன். தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், "இந்த அரை எப்படி வந்தது? விளக்கம் தேவை" என்று எழுதியிருந்தார். குறைத்து அனுப்பிய பிறகுதான் எனக்குக் கடிதம் போட்டார்.

இந்த வருஷத்துத் தாள் வந்தபோது முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. முதல் கணக்கே தப்பு. அவருக்கு நீர் கோத்துக் கால் வீங்கியிருக்கிறது, படுக்கையிலேயே இருக்கிறார் என்று அவர் வீட்டிலிருந்து முன்பே எழுதியிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று உறையிலேயே வைத்துவிட்டேன். இருபது நாள் அப்படிப் போயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா தெனமும் கேட்டுச்சுங்க சித்தி. மீமிசல்லேருந்து தபால் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. என்ன தபாலுன்னு சொல்லவே இல்லை" என்றாள். அந்தத் தபால் என் பையில் இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்து திருத்தியிருந்தால் என்ன? இந்த வெட்கம் எனக்குச் சாகும்வரை போகாது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். கூட்டினேன். முப்பத்து நான்கு. மறுபடி கூட்டினேன், அதேதான். பாஸுக்கு ஒரு மார்க் குறைவு. ஐந்தாம் கணக்கில் பாதி வழி சரியாக இருந்தது. மனசு வைத்தால் அங்கே ஒன்று போடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் கேட்பார். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்து இழுத்த கை, இந்த முறை இழுக்கவில்லை. முதல் பக்கத்தில் முப்பத்து நான்கு என்று எழுதி, வட்டமிட்டு, என் கையெழுத்தைப் போட்டேன்.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது இந்த ஒரு தாள்தான். வேறு எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. அக்கா, இந்த வருஷம் நீங்கள் பெயில். இந்த முப்பத்து நான்கைப் போட்ட கைதான் அந்த நாற்பத்தேழையும் அறுபதையும் போட்டது. இப்போதாவது நம்புங்கள், அந்த வருஷங்களில் எல்லாம் நீங்கள் பாஸ்தான்.