அரை இஞ்சு மடிப்பு

என் மகள் நடக்க ஆரம்பித்ததே ஒன்றரை வயதில்தான். எண்பதுகளின் நடுவில் அது. அரூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது, பின்கட்டிலேயே வீடு. நடுவிலிருந்த கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஒரு நாள் கையை விட்டுவிட்டு என் மிஷினைப் பார்த்து நாலு எட்டு வைத்தாள். இடது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. "வாத்து மாதிரி நடக்குறா பாருங்க" என்று என் மனைவி சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

இரண்டு மாதமாகியும் அந்தச் சாய்வு போகவில்லை. என் மனைவிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னாங்க, இளம்பிள்ளை வாதமா இருக்குமோ?" என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள். காய்ச்சல் வந்து போன பிறகு கால் சூம்பிப்போன பிள்ளைகள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தார்கள். பிள்ளையைத் துணி வெட்டும் மேஜையில் உட்காரவைத்து, இரண்டு தொடைகளையும் டேப்பால் சுற்றி அளந்தேன். இரண்டும் ஒரே அளவு. கிச்சுகிச்சு மூட்டுகிறேன் என்று நினைத்து எட்டி ஓர் உதை விட்டாள், நெஞ்சில் நன்றாகவே பட்டது. "வாதக் காலா இப்படி ஒதைக்கும்? எல்லாம் சரியாத்தான் இருக்குது. வளர வளரப் போயிடும்" என்றேன். மனைவி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் அளந்தது சுற்றளவை. நீளத்தை அளக்கவில்லை. அளக்கப் பயம், அதுதான் உண்மை.

பெருநாளுக்கு அவளுக்குப் பச்சையில் ஒரு பாவாடை தைத்தேன். போட்டு நிறுத்திப் பார்த்தால் இடது பக்கம் இறங்கித் தரையில் புரண்டது. வெட்டியதில் பிசகு என்று கழற்றி அளந்தேன். பாவாடையில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் குறை எதில் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் எங்கள் தொழில் புத்தி அப்படி. ஒரு தோள் இறங்கினவர் கோட்டு தைக்க வந்தால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அந்தப் பக்கம் உள்ளே கொஞ்சம் பஞ்சு கூட்டி வைத்துத் தைப்போம். கண்ணாடியில் நேராகத் தெரிந்தால் அவருக்கும் திருப்தி, நமக்கும் நல்ல பெயர். பெற்ற பிள்ளைக்கும் அதையே செய்தேன். இடது பக்கம் மட்டும் அரை இஞ்சு மடித்து அடித்தேன். பாவாடை நேராக நின்றது.

அதன் பிறகு பத்து மாதம், அவளுக்குத் தைத்த ஒவ்வொரு பாவாடையிலும் அந்த மடிப்பு இருந்தது. வெளியே தெரியாமல் தைத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அதை எழுதவே கூசுகிறது.

அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம், தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க நர்ஸம்மா ஒருவர் வந்திருந்தார். புழுக்கம் தாங்காமல் பிள்ளை வெறும் ஜட்டியோடு உள்ளேயிருந்து நடந்து வந்தாள். நர்ஸம்மா ஜாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார். "பாப்பாவ இப்படிப் படுக்க வையுங்க" என்றார். மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, பாதங்களைச் சேர்த்து ஊன்றி முழங்கால்களை மடக்கினார். ஒரு முழங்கால் உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் நின்றது.

"இடுப்பு மூட்டு எடத்துல உக்காரலைங்க. பொறந்ததுலேர்ந்தே இருந்திருக்கும். நாளைக்கே சேலம் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் என் மனைவி பிள்ளையின் இடது காலைக் கைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரும் நர்ஸம்மா சொன்னதையே சொன்னார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "இந்தச் சாய்வ மொதல்ல எப்பக் கவனிச்சீங்க?" என்று கேட்டார்.

"போன மாசந்தாங்க" என்றேன். யோசிக்காமலே பொய் வந்துவிட்டது.

என் மனைவி வெளி ஆட்களிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இல்லீங்க. அவ நடக்க ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து இருக்குதுங்க. ஒரு வருசம் ஆச்சு" என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்பவே வந்திருந்தா மாவுக்கட்டோட போயிருக்கும்மா. இப்ப ஆபரேசன் பண்ணித்தான் ஆவணும். பண்ணுனாலும் நடை முழுசா நேராயிடும்னு என்னால சொல்ல முடியாது. தெரிஞ்சும் ஏம்மா வரல?"

பிள்ளை அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலில் குற்றம் சொல்லும் தொனியும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

"இவுரு டைலருங்க. அளந்து பாத்துட்டு, சரியா இருக்குதுன்னாரு. நான் நம்பிட்டேங்க."