ஈரல் நிறத்தில் நாற்பதாயிரம் மிட்டாய்

கலர் மாஸ்டர் என்ற பேரை முதன்முதலில் கேட்டது என் சித்தி மகளுக்கு வரன் பேச வந்த அன்றைக்கு. மாப்பிள்ளையின் பெரியம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எங்க பையன் மிட்டாய் கம்பெனியில கலர் மாஸ்டர். அவன் கை பட்டாத்தான் மிட்டாய்க்கு நிறமே வரும்" என்றாள். அந்தப் பெரியம்மா வாயைத் திறந்தால் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. அதற்குள் நம்பிப் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

சித்தி மகள் தையல்காரி. ஒரு துணியைக் காட்டினால், ஐம்பது நூல்கண்டுக்கு நடுவிலிருந்து அதே நிறத்தைக் கண் இமைப்பதற்குள் எடுத்துவிடுவாள். கல்யாணமான இரண்டாம் வாரம் மாஸ்டர் ஆசையாக ஒரு துணி வாங்கி வந்து, "இந்தச் சிவப்பு உனக்கு எடுப்பா இருக்கும்" என்றார். துணி நல்ல இலைப்பச்சை. அவள் துணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது.

"வெளியில மூச்சு விட்டுடாத. வேலை போயிடும்" என்றார் மாஸ்டர்.

அன்றிலிருந்து இருபத்திமூன்று வருஷம், மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது கைக்குட்டையில் ஒரு சில்லு மிட்டாய் மடித்துக்கொண்டு வருவார். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, சில்லை ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்துப் பார்ப்பாள். "மஞ்சள் தூக்கலா இருக்கு. இன்னும் அரைக் கரண்டி சிவப்பு விடுங்க." மாஸ்டர் திரும்பிப் போய் அரைக் கரண்டி விடுவார். சாயத்தை நிறுத்துப் போடலாமே என்று யாராவது கேட்டால், "தராசு எதுக்குய்யா? என் கண்ணுதான் தராசு" என்பார். கம்பெனியில் அதைக் கேட்டுத் தலையாட்ட நாலு பேர் இருந்தார்கள்.

பேரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தலைக்கனமும் கூடவே வளர்ந்தது. மாஸ்டரின் தம்பி வீட்டில் ஒரு விருந்து. தம்பி பெண்டாட்டி, "நிறம் பாக்குறதுல அக்காவும் கெட்டிதானே மாமா?" என்று யதார்த்தமாகக் கேட்டாள். மாஸ்டர் மூக்கு விடைக்கச் சிரித்தார்.

"இவளா? நூல்கண்டைத் தாண்டி இவளுக்கு என்னம்மா தெரியும்? அது வேற, தொழில் வேற."

பந்தியே சிரித்தது. அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள்.

மறுநாள் கம்பெனிக்குப் புதுக் கிராக்கியின் முதல் ஆர்டர், நாற்பதாயிரம் ஸ்ட்ராபெரி மிட்டாய். நிறம் பிசகினால் மாஸ்டர் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்துச் சர்க்கரைப் பாகு ஒரு கொதி கூடுதலாகக் கொதித்துப் பழுப்பேறிவிட்டது. அதில் வழக்கமான சிவப்பை ஊற்றினால் என்ன ஆகும்? ஈரல் நிறம் ஆகும். மாஸ்டரின் கண்ணுக்கு ஈரலும் ஸ்ட்ராபெரியும் ஒன்றுதான்.

மதியம் சில்லு தட்டுக்கு வந்தது. அவள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டாள். துணியை மெஷினில் தள்ளிக்கொண்டே, "எனக்கென்னங்க தெரியும், நூல்கண்டுக்காரிக்கு?" என்றாள்.

"ஏய், விளையாடாத. நேரமாச்சு."

"தொழில் வேறன்னு நீங்கதானே சொன்னீங்க. மாஸ்டரே பாத்துச் சொல்லுங்க."

"நேத்து ஏதோ சிரிப்புக்குச் சொன்னேன்."

"சிரிச்சாங்கல்ல? அப்புறம் என்ன."

மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை பிழைத்திருக்கும். மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். போனவர், "போடு" என்று மிட்டாய் வார்க்க உத்தரவும் கொடுத்துவிட்டார். பாகு கிண்டுகிறவன் தயங்கி, "மாஸ்டர், நிறம் ஒரு மாதிரியா இருக்கே" என்றான். "உன் கண்ணை டாக்டர்கிட்ட போய்க் காட்டு" என்று அவன் வாயை அடைத்தார்.

சாயங்காலம் முதலாளி ஒரு மிட்டாயை விரலில் பிடித்து உருட்டினார். "என்ன மாஸ்டர் இது? மிட்டாயா, பல்வலி மருந்தா?"

"சாயத் தூள்ல கலப்படம் சார்."

முதலாளி பழைய சரக்கில் சிவப்பு மிட்டாயும் பச்சை எலுமிச்சை மிட்டாயுமாகத் தட்டு நிறையக் கலந்து வைத்து, "ரெண்டையும் பிரிச்சு வைங்க" என்றார். மாஸ்டர் வெகுநேரம் தட்டைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் தொட்டுப் பார்த்து, புளிப்பை ஒரு பக்கமும் இனிப்பை ஒரு பக்கமுமாக அடுக்க ஆரம்பித்தார். ஆறாவது மிட்டாயில் முதலாளி தட்டை இழுத்துக்கொண்டார்.

"இருபத்திமூணு வருஷமா எப்படிய்யா ஓட்டினே?"

"வீட்ல பாப்பாங்க சார்" என்றார் மாஸ்டர். அவர் அவளை 'ங்க' போட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாயில் இன்னும் எலுமிச்சை மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது.

அந்த மாசமே முதலாளி ஆள் அனுப்பி என் சித்தி மகளைக் கூப்பிட்டார். அவள் முதல் நாளே தராசு வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். இப்போது கலர் அறையில் இருப்பது அவள்தான். மாஸ்டர் அதே கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார்.