ஒரு பருவத்துக்கு ஐந்து பொன்னாடை

அந்த வருடம் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணிக்கு ஐந்து பயிற்றுவிப்பாளர்கள் வந்து போனார்கள். ஐந்து பேருக்குமான பொன்னாடைகளை வாங்கியவன் நான். லண்டன் மனோர் பார்க்கில், பொன்னாடைக் கடை இருக்கிற முருகன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த குற்றத்துக்காக அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் சங்கத்தில் யாரையும் நீக்குவதில்லை. நீக்கினால் அவருடைய பட்ச் முழுவதும் கோபித்துக்கொண்டு வருடாந்த விருந்துக்கு வராது. ஆகவே கௌரவிப்போம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் சப்பாத்துக் கழற்றும் நேரத்தில் செயலாளர் கையில் ஒரு பையோடு மைதானத்துக்குள் இறங்கினாரென்றால் பயிற்றுவிப்பாளருக்கு விளங்கிவிடும். வியர்த்த சட்டைக்கு மேலே சரிகைத் துணி விழும். கைதட்டுவோம். படம் எடுப்போம். அவர் காரில் ஏறிப் போய்விடுவார். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் இன்னொருவர் விசிலோடு நிற்பார்.

பட்ச் என்றால் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம். லண்டனில் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் அளப்பது அதை வைத்துத்தான். என்னிடம் அது இல்லை. கல்லூரி என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம்தான். எட்டாம் வகுப்பில் பதினைந்து வயதுக்குட்பட்ட அணிக்குக் கோல்காப்பாளராகத் தெரிவானேன். சட்டை கொடுப்பதாகச் சொன்ன கிழமை சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. அதற்குப் பிறகு நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. ஜேர்மனியில் அகதி முகாம், பாரிஸில் சமையலறை, சுவிஸில் இரண்டு குளிர்காலம், பிறகு இங்கே. போன இடமெல்லாம் யாராவது பந்து வைத்திருப்பார்கள், யாருக்கும் கோலுக்குள் நிற்க விருப்பமிராது, நான் நிற்பேன். இடது சுண்டுவிரல் முகாமில் முறிந்தது. ஐஸ்கிறீம் குச்சி வைத்துக் கட்டினேன், வளைந்தபடியே பொருந்திவிட்டது. கையுறை போடும்போது அந்த விரலை முதலில் நுழைக்க வேண்டும்.

சங்கத்தில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் பட்ச் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். வாங்கியவர் அதில் ‘ஏனையோர்’ என்று எழுதினார்.

இரண்டு வருடம் நான் மாற்றுக் கோல்காப்பாளர். முதல் ஆள் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு இடம் காலியானது. ஆடி மாதம் எல்லாக் கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகளும் மோதும் போட்டி நடக்கும். அதில் கல்லூரிச் சட்டையோடு ஒரு தடவை கோலுக்குள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நாற்பத்தைந்தைத் தொட்டவனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்றை யாரும் உறுதிசெய்ய மாட்டார்கள்.

முதலாமவர் பல் வைத்தியர். குட்மேய்ஸ் பூங்காவில் முதல் நாள் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, என்னிடம் வந்ததும், “நீர் எந்த பட்ச்?” என்றார்.

“பட்ச் இல்லை அண்ணை. எட்டாம் வகுப்போட நிண்டிட்டன்.”

“ஆ... சரி சரி. பந்து பிடிக்க அது தேவையில்லைத்தானே.”

பந்தைக் கையால்தான் எறிய வேண்டும், உதைக்கவே கூடாது என்பது அவருடைய சட்டம். ஐந்து கிழமை எறிந்தேன். தோள்மூட்டு நொந்து, பிறகு பழகி, பந்து நான் நினைத்த காலுக்குப் போகத் தொடங்கியபோது சித்திரைப் பொதுக்கூட்டம் வந்தது. பல் வைத்தியருடைய பட்ச் நிர்வாகத்தை இழந்தது. செயலாளர் என்னை அழைத்தார். நான் கடைக்குப் போனேன்.

இரண்டாமவர் சட்டத்தரணி. அதே கேள்வி, அதே பதில். நான் பந்தை எறிவதைப் பார்த்தவுடன் விசில் ஊதினார்.

“என்ன ஐசே, கையால எறிஞ்சு நெற்போல் விளையாடுறீரோ? தூக்கி அடியும்!”

நான்கு கிழமை தூக்கி அடித்தேன். அவர் போனதற்குக் காரணம் போட்டி விளம்பரத் துண்டு. அதில் அவருடைய படம், மதியச் சாப்பாடு தருகிற உணவகத்தின் படத்துக்குக் கீழே வந்துவிட்டதாம். “கொத்து ரொட்டிக்குக் கீழ என்னைப் போட்டிருக்கிறாங்கள்” என்று மைதானத்தின் நடுவில் நின்று சொன்னார். அவருக்கும் பொன்னாடை. அதை வாங்கும்போது படத்தில் அவர் முகத்தை விடக் கொத்து ரொட்டி தெளிவாக இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் வந்தது.

பொன்னாடைக் கடைக்காரப் பெண் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

“என்ன அண்ணை, திரும்பவும் ஆள் மாறீட்டாரோ?”

“ஓம் தங்கச்சி.”

“உங்கட சங்கம் இருக்குமட்டும் என்ர கடைக்குப் பயமில்லை.”

மூன்றாமவர் கணினித் துறையில் வேலை செய்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், மரியாதை தெரிந்தவர். மடிக்கணினியைப் புல்லில் விரித்து வைத்து, “அண்ணை, நீங்கள் வெறும் கோல் கீப்பர் இல்லை, பதினோராவது விளையாட்டுக்காரர். பொக்ஸுக்கு வெளியில வந்து நில்லுங்கோ” என்றார். வெளியே வந்து நின்றேன். எங்கள் வலது பின்வரிசைக்காரன், பஸ் ஓட்டுகிறவன், மைதானத்தின் நடுவிலிருந்து என் தலைக்கு மேலால் பந்தை அனுப்பினான். அது மெதுவாக, இரண்டு தரம் துள்ளி, வெறுங்கோலுக்குள் போனது. அவன் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்னோடு ஒரே வருடம் ஜேர்மனி முகாமில் இருந்தவன். அவனுடைய வலது முழங்காலுக்குப் பட்டி சுற்றுவது ஒவ்வொரு ஞாயிறும் என் வேலை. எத்தனை நிமிடம் அந்தக் கால் தாங்கும் என்பது அவனுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

“எங்கட டிப்போவிலயே டிரைவர்மார் இப்பிடி மாறுறேல்லை மச்சான்” என்பான். “வாற ஆள் ஒவ்வொண்டும் ஸ்ரியறிங்கைக் கழட்டி வேற இடத்தில பூட்டுறான்.”

மூன்றாமவரிடம் நான் நம்பிக்கை வைத்திருந்தேன். ஐந்தாவது கிழமை அவர் என்னைத் தனியே அழைத்து, தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணை, கோவிக்காதேங்கோ. மனுசியின்ர பள்ளிக்கூட ரீமுக்குக் கோச் இல்லையாம். மாமாதான் அங்க தலைவர்” என்றார். எதிரணிக்குப் போகிறவருக்கும் பொன்னாடையா என்று செயலாளரிடம் கேட்டேன். “போடாட்டி அவற்ற மாமா கதைக்கமாட்டார் அண்ணை” என்றார். வாங்கினேன்.

நான்காமவர் எண்ணெய் நிரப்பு நிலையம் வைத்திருந்தவர். வரும்போதே மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவனும் எங்கள் கல்லூரிதான். முப்பது வயது, நெடுவல், சுரங்க ரயிலில் பொறியியலாளர், கோல்காப்பாளர். அன்றே என்னை மாற்று ஆள் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஒருவர் எறி என்றார், எறிந்தேன். ஒருவர் அடி என்றார், அடித்தேன். ஒருவர் வெளியே வா என்றார், வந்தேன். இவர் கோட்டை விட்டு அசையக்கூடாது என்றார், அசையவில்லை. கடைசியில் கோட்டிலேயே நான் இல்லை. மற்றவர்கள் மாற மாறப் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் நான் எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அவன் நல்ல கோல்காப்பாளன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். முதல் பயிற்சியிலேயே தெரிந்தது. நான் விழுந்து பிடிக்கிற பந்தை அவன் நின்று பிடித்தான்.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது நிர்வாக சபை அணிப் பட்டியலைத் தங்களிடம் காட்டிய பிறகே வெளியிட வேண்டும் என்று நான்காமவருக்குக் கடிதம் அனுப்பியது. “அப்ப உங்கட லிஸ்டை நீங்களே விளையாடுங்கோ” என்று சொல்லி விசிலைப் புல்லில் போட்டார். அந்த வாய்ச் சண்டை முடிந்து ஐந்து நிமிடத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் படத்துக்குச் சிரித்தார். நான் முன்யோசனையாக ஒன்றை என் வான் வண்டிக்குள் வைத்திருந்தேன். அந்த அளவுக்கு வந்திருந்தது நிலைமை. மனைவியின் தம்பி மட்டும் போகவில்லை. “அத்தான் போனா நான் ஏன் போகவேணும்?” என்று கேட்டுவிட்டுக் கையுறையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் நான் வேலை செய்கிற களஞ்சியத்தில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கையில் செயலாளர் அழைத்தார்.

“அண்ணை, ஒரு உதவி.”

“ஆருக்கு, எந்த நிறம்?”

“சால்வை இல்லை அண்ணை. நீங்கள்தான் கோச்சா நிக்க வேணும். இந்தப் போட்டிக்கு மட்டும்.”

“என்னட்ட பட்ச்சே இல்லையே தம்பி.”

“அதாலதான் கேக்கிறன். உங்களைப் போட்டா எந்த பட்ச்சும் கோவிக்காது.”

இடைவேளையில் ஒரு பருப்புப் பெட்டியின் மூடியைக் கிழித்துப் பதினொரு பெயர்களை எழுதினேன். பத்துப் பெயர் இரண்டு நிமிடத்தில் வந்தது. பதினோராவதுக்குத் தேத்தண்ணி ஆறும்வரை இருந்தேன். யாரைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தன் ஆளைப் போட்டார் என்று நான்காமவரைக் கிழமைக்கணக்கில் திட்டியிருக்கிறேன். பேனையை எடுத்து என் பெயரை எழுதினேன்.

போட்டி கோலியர்ஸ் வுட் பக்கத்து மைதானம் ஒன்றில். சட்டை கொடுத்தார்கள். மெரூன் நிறம், முதுகில் ஒன்றாம் இலக்கம். நான் போட்டுக்கொண்டேன். பஸ்காரன் முழங்காலை நீட்டினான், பட்டி சுற்றினேன்.

“கோச்சே பட்டி சுத்திற ரீம் இதுதான் மச்சான்” என்றான்.

“அலட்டாமல் இரு. நோகுதெண்டா கை காட்டு.”

முதல் ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம், வென்றோம். இரண்டு பந்துகளை நான் தடுத்தேன். ஒன்று வளைந்த சுண்டுவிரலில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் இவ்வளவையும் பொறுத்திருந்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பொய் சொல்லவில்லை, நல்ல சந்தோசம்.

இரண்டாவது ஆட்டம் காலிறுதி. எதிரே நின்றது மூன்றாமவர் கூட்டிக்கொண்டு வந்த அணி, அவருடைய மனைவியின் கல்லூரி. அந்தப் போட்டியில் ஒரு விதி: ஆள் மாற்றுவதென்றால் பதிவு செய்த பயிற்றுவிப்பாளர் தானே போய், கோட்டுக்கு வெளியிலுள்ள மேசையில் துண்டு கொடுக்க வேண்டும். வேறு யாரும் கொடுக்க ஏலாது. பதிவு செய்த பயிற்றுவிப்பாளர் நான். நான் கோலுக்குள் நின்றேன்.

இரண்டாம் பாதியில் பஸ்காரன் கை காட்டினான். வலது காலை ஊன்றாமல் இழுத்தான். எனக்கு அது எல்லோருக்கும் முன்பே தெரிந்தது. நான் சுற்றிய பட்டி அல்லவா. கோட்டுக்கு வெளியில் மாற்று ஆள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றான். நான்காமவருடைய மனைவியின் தம்பி அவனுக்குப் பக்கத்தில் நின்று கத்தினான்.

“அண்ணை! அவரால ஓட ஏலாது! ஆளை மாத்துங்கோ!”

“பந்து வெளியில போகட்டும்!”

பந்து வெளியில் போகவில்லை. மூன்றாமவர் கையை வாயில் குவித்து, “வலது பக்கம்! வலது பக்கம்!” என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். ஐந்து கிழமை எங்களோடு இருந்தவருக்கு யாருக்கு எந்தக் கால் பழுது என்று தெரியும். அவர்களுடைய ஆள் பஸ்காரனைச் சும்மா நடந்து தாண்டுவது போலத் தாண்டினான். நான் வெளியே வருவதா, கோட்டில் நிற்பதா? நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னது நான்கும் அந்த ஒரு கணத்தில் காலுக்குள் வந்தது. அரைவாசி தூரம் வந்து நின்றேன். பந்து எனக்கு இடப் பக்கத்தால் போனது.

வெளியில் நின்றிருந்தால் துண்டு எழுதி மேசையில் வைக்க அரை நிமிடம் போதும்.

ஒன்றுக்குப் பூச்சியம், தோற்றோம். ஆட்டம் முடிந்து நான் பட்டியை அவிழ்த்தபோது முழங்கால் பந்து போல வீங்கியிருந்தது. பஸ்காரன் கோபிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“கோச் எங்க எண்டு தேடினன் மச்சான். பாத்தா, கோலுக்குள்ள நிண்டு பந்து பாக்கிறார்.”

மனைவியின் தம்பி தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்தான்.

புதன்கிழமை செயலாளர் அழைத்தார். “அண்ணை, ஞாயிறுக்கு ஒரு பொன்னாடை வேணும்.” நான் ஆருக்கு என்று கேட்கவில்லை.

கடையில் அந்தப் பெண் சிவப்பு அடுக்கில் கை வைத்தபடி, “இந்தமுறை ஆருக்கு அண்ணை?” என்றாள்.

“எனக்கு.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து உள்ளே போய் ஒரு பச்சையை எடுத்துவந்தாள். “சிவப்பு எல்லாருக்கும் குடுத்தாச்சு. இது வேற ஆருக்கும் குடுக்கேல்லை.”

ஞாயிறு போர்த்தினார்கள். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். பஸ்காரன் ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டு எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினான். வழக்கப்படி நான் வண்டியில் ஏறிப் போயிருக்க வேண்டும். துணியை மடித்து வான் வண்டிக்குள் வைத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து கோல் வலையைச் சுருட்டினேன்.

“அண்ணை, நீங்கள் நிக்கிறீங்களோ?” என்றார் செயலாளர், கொஞ்சம் குழம்பி.

“கோச்சுக்குத்தானே தம்பி போர்த்தினீங்கள்? கோல் கீப்பர் நிக்கிறான்.”

அடுத்த ஞாயிறு ஆறாமவர் வந்தார், ஒரு கணக்காளர், புது விசில். மனைவியின் தம்பி கோலுக்குள் நின்றான். நான் அவனுக்குப் பந்து அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாமவர் என் பக்கம் வந்து கை கொடுத்தார்.

“நீங்கள் எந்த பட்ச்?”

“கோல் கீப்பர். ரெண்டாம் ஆள்.”

“அது சரி” என்றார், குறிப்புப் புத்தகத்தை விரித்தபடி. “எந்த பட்ச்?”